ஒரே ஃபைலில் ஒரு டேட்டாபேஸ்: அன்றும் இன்றும்

ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியல், ஹார்டுவேர் கடையின் பில், ஏலச்சீட்டு நடத்துகிறவரின் மாதத் தவணைக் கணக்கு, டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு. இப்படிப்பட்ட வேலைகளுக்கு எழுதப்படும் புரோகிராம்களை ஒரே நேரத்தில் ஒருவரோ இருவரோதான் பயன்படுத்துவார்கள். தரவும் சில ஆயிரம் பதிவுகளோடு நின்றுவிடும். இதற்காகத் தனி டேட்டாபேஸ் சர்வரை நிறுவி, அதற்கு யூசர்நேம், பாஸ்வேர்டு, போர்ட் எண் கொடுத்து, அது ஓடுகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு ஃபைல், அதற்குள் மொத்தத் தரவும் என்பதுதான் இங்கே பொருந்தும் ஏற்பாடு.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். செய்யும் விதம் அடியோடு மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் கிடைத்தது எது, கைவிட்டுப்போனது எது என்று தெரிந்துகொள்வது, இன்று புதிதாக எழுத வருகிறவர்களுக்கு அவசியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் சின்ன டேட்டாபேஸில் இருப்பதும் ஒருவருடைய பிழைப்புதான்.

ஃபைலையே டேட்டாபேஸாக்கிய காலம்

2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில் ரையன் டால் நோட்.ஜேஎஸ்ஸை அறிமுகம் செய்தார். பிரவுசருக்குள்ளேயே எழுதிப் பழகியிருந்த பெருங்கூட்டத்துக்கு, கணினியில் ஒரு ஃபைலைத் திறந்து எழுதும் வாய்ப்பு அப்போதுதான் எளிதாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டே என்பிஎம் வந்தது. யார் எழுதிய லைப்ரரியையும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம் என்றானது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரவலாக்கிய ஜேசன் வடிவம் ஏற்கெனவே எல்லோருக்கும் பழக்கம். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டை அப்படியே எழுத்தாக்கிவிடலாம், எழுத்தைத் திரும்ப ஆப்ஜெக்டாக்கிவிடலாம்.

ஆகவே முதலில் எல்லோரும் கையாண்ட வழி ஒன்றுதான். புரோகிராம் தொடங்கும்போது ஜேசன் ஃபைலை முழுதாகப் படித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்வது, ஏதாவது மாறினால் அந்த வேரியபிளை முழுதாகத் திரும்ப எழுதுவது. நாலைந்து வரி நிரலில் முடிந்துவிடும்.

எஸ்கியூலைட் என்ற ஒற்றை ஃபைல் டேட்டாபேஸ் அப்போதே இருந்தது. ஆனால் அது சி மொழியில் எழுதப்பட்டது. நோட்.ஜேஎஸ்ஸுக்குள் அதைக் கொண்டுவர நேட்டிவ் மாட்யூல் ஒன்றை கம்பைல் செய்தாக வேண்டும். விண்டோஸ் கணினியில் அதற்கு பைத்தான் 2.7 வேண்டும், விஷுவல் சி++ வேண்டும். நோட்.ஜேஎஸ்ஸின் பெரிய பதிப்பு மாறினால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 2013இல் தொடங்கி 2015இல் எலக்ட்ரான் என்று பெயர் பெற்ற டெஸ்க்டாப் தளத்திலும் இதே தொல்லைதான். அதற்கென்று ஒருமுறை தனியாக கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. திரை நிறையச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி ஓடுவதைப் பார்த்துவிட்டு, 'கம்பைலே வேண்டாம், முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய லைப்ரரி ஏதாவது இருக்கிறதா' என்று தேடியவர்கள் அன்று ஏராளம்.

அவர்களுக்குக் கிடைத்த விடைதான் நெடிபி. 2013இல் லூயி ஷாட்ரியோ எழுதிய சிறு லைப்ரரி. மாங்கோடிபியில் தேடுவதுபோலவே இதிலும் தேடலாம். சர்வர் தேவையில்லை, ஒரு ஃபைல் பெயரைச் சொன்னால் போதும். டைப்பிகோட் என்ற பெயரில் எழுதுபவரின் லோடிபி இன்னும் எளிது. ஒரு ஜேசன் ஃபைலைப் படித்து ஆப்ஜெக்டாகத் தரும், மாற்றியபின் எழுதச் சொன்னால் எழுதிவிடும். தொடக்கத்தில் லோடாஷ் லைப்ரரியின் மேல் கட்டப்பட்டிருந்தது. பின்னாளில் அதுவும் இல்லாமலேயே இயங்கத் தொடங்கியது.

நெடிபியின் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் நேர்த்தி புரியும். ஒரு வரிக்கு ஒரு பதிவு. ஒவ்வொன்றுக்கும் பதினாறு எழுத்தில் ஓர் அடையாள எண் தானாக வந்திருக்கும். ஒரு பொருளின் விலையை மாற்றினால் பழைய வரியை அது தொடாது. கடைசியில் புதிய விலையோடு அதே அடையாள எண்ணில் இன்னொரு வரியைச் சேர்க்கும். அழித்தால்கூட, இந்தப் பதிவு நீக்கப்பட்டது என்று ஒரு வரி கீழே சேரும். அடித்துத் திருத்தாமல், பிழையையும் அதன் திருத்தத்தையும் அடுத்தடுத்து எழுதிவைக்கும் பழைய கணக்குப்பிள்ளையின் பேரேடு போன்றது இது. அடுத்த முறை திறக்கும்போது மேலிருந்து கீழே படித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசியாக உள்ள வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஃபைலைச் சுருக்கி எழுதிக்கொள்ளும். 'போன வாரம் இந்தப் பொருள் என்ன விலை?' என்ற கேள்விக்கு, ஃபைல் சுருங்குவதற்குள் பார்த்தால், பதில் கண்முன்னே இருக்கும்.

கரண்ட் போகும் அந்த நொடி

2012, 2013 காலத்தில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. யுபிஎஸ் பேட்டரி தேய்ந்த கடைகளில், பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்துவிடும். மறுநாள் காலை கடைக்காரரிடமிருந்து போன் வரும்: "தம்பி, நேத்து போட்ட பில்லு எல்லாம் எங்கப்பா போச்சு? திறந்தா வெறும் வெள்ளையா இருக்கு."

வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு ஃபைலில் புதிதாக எழுதச் சொன்னால், நோட்.ஜேஎஸ்ஸின் வழக்கமான ஃபைல் எழுதும் கட்டளை முதலில் அந்த ஃபைலைக் காலி செய்யும். பிறகுதான் புதியதை எழுதும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிசெகண்டு இடைவெளி. கரண்ட் அந்த இடைவெளியில் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எழுதி முடித்தாயிற்று என்று புரோகிராமுக்குச் செய்தி வந்த பிறகும் நிம்மதி இல்லை. இயங்குதளம் அதை நினைவகத்திலேயே சற்று நேரம் வைத்திருந்து, தனக்குத் தோதான நேரத்தில்தான் டிஸ்கில் இறக்கும். தமிழில் எழுதிய பெயராக இருந்தால் இன்னொன்றும் நடக்கலாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். பாதியில் நின்ற ஃபைலின் கடைசி எழுத்தில் ஒரு பைட் மட்டும் மிஞ்சி, கறுப்புக் கட்டமாகத் தெரியும்.

இதற்கான மருந்தை அன்றைய லைப்ரரிக்காரர்கள் தெரிந்தே வைத்திருந்தார்கள். புதிய தரவை முதலில் வேறு பெயரில் தற்காலிக ஃபைலாக எழுது. டிஸ்கில் இறங்கும்வரை காத்திரு. அதன் பிறகு பழைய பெயருக்கு மாற்று. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. நடந்திருக்கும், அல்லது நடந்திருக்காது. நெடிபி தன் ஃபைலைச் சுருக்கும்போது பெயரின் கடைசியில் ஒரு அலைக்கோட்டுக் குறி போட்ட இன்னொரு ஃபைலில் எழுதிவிட்டுத்தான் பெயரை மாற்றும். திறக்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் வரிகள் கெட்டிருந்தால், தொடங்கவே மறுத்துவிடும். கெட்டுப்போன கணக்கின் மேல் புதிய கணக்கை எழுதவிடாத அந்த முன்யோசனைக்காகவே அந்த லைப்ரரியை மதிக்கிறேன்.

ஆனால் இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. மொத்தத் தரவும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். லோடிபியில் ஒரே ஒரு பதிவை மாற்றினாலும் முழு ஆப்ஜெக்டும் திரும்ப எழுத்தாகி டிஸ்குக்குப் போகும். பத்து எம்பியைத் தாண்டி நூறு எம்பியை நெருங்கினால் வேகம் குறையலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. இரண்டு புரோகிராம்கள் ஒரே ஃபைலைத் திறந்தால், கடைசியில் எழுதியது நிற்கும், முன்னால் எழுதியது போய்விடும். பில்லைப் பதிவதும் கையிருப்பைக் குறைப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது என்று சொல்ல, அந்த லைப்ரரிகளில் வழி இருக்கவில்லை.

கப்பலுக்காகப் பிறந்த லைப்ரரி

இன்று இந்த இடத்தைப் பிடித்திருக்கும் எஸ்கியூலைட்டின் கதை 2000இல் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் ரிச்சர்ட் ஹிப் வேலை செய்துகொண்டிருந்தார். அது இன்ஃபார்மிக்ஸ் டேட்டாபேஸ் சர்வரை நம்பியிருந்தது. சர்வர் நின்றுபோனால், இணைக்க முடியவில்லை என்ற செய்தி அவர் எழுதிய மென்பொருளின் திரையில் வரும். பழியும் அதன் மேலேயே விழும். சர்வரே இல்லாமல் நேராக டிஸ்கில் படித்து எழுதினால் என்ன என்று அவருக்குத் தோன்றியதன் விளைவு எஸ்கியூலைட். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக விட்டார். இன்று ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் அது இருக்கிறது. நம் போனில் உள்ள பெயர்களும் குறுஞ்செய்திகளும் அப்படிப்பட்ட ஃபைல்களில்தான் கிடக்கின்றன.

கரண்ட் போகும் நொடியை அது கையாளும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஃபைலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பக்கத்தை மாற்றும் முன், பழைய பக்கத்தின் நகலை ஜர்னல் என்ற தனி ஃபைலில் எழுதி, டிஸ்கில் இறங்கியதை உறுதிசெய்துகொள்ளும். அதன் பிறகுதான் அசல் ஃபைலில் கைவைக்கும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது மிச்சம் கிடக்கும் ஜர்னலைப் பார்த்ததுமே பழைய பக்கங்களைத் திரும்பப் போட்டுவிடும். 2010இல் வந்த வால் (ரைட்-அஹெட் லாக்) முறையில் இது தலைகீழ். மாற்றங்கள் தனி ஃபைலில் வரிசையாகச் சேரும், பிறகு மொத்தமாக அசலில் இறங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் படிக்கலாம். ஒரு நேரத்தில் எழுதுவது ஒருவர் மட்டுமே.

இந்தக் காரியத்தை எவ்வளவு அக்கறையோடு சோதிக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு போதும். அந்த லைப்ரரியின் நிரலைவிட, அதைச் சோதிப்பதற்காக எழுதிய நிரல் 590 மடங்கு பெரியது என்று அதன் ஆக்கியோர் பதிவு செய்திருக்கிறார்கள். கரண்ட் போவதையும் டிஸ்க் நிறைவதையும் நினைவகம் தீர்வதையும் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கிறார்கள். கடைக்குப் பத்து நாளில் பில் புரோகிராம் எழுதித் தரும் ஒருவரால் இந்தச் சோதனையில் நூறில் ஒரு பங்கைக்கூடச் செய்ய முடியாது.

இன்று: நோட்.ஜேஎஸ்ஸுக்குள்ளேயே

கம்பைல் தொல்லை படிப்படியாகத் தீர்ந்தது. முன்கூட்டியே கம்பைல் செய்த கோப்புகளை லைப்ரரிக்காரர்களே தரத் தொடங்கினார்கள். நோட்.ஜேஎஸ்ஸுக்கு மாற்றாக வந்து 2023 செப்டம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்ட பன், எஸ்கியூலைட்டைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. 2024 ஜூலையில் வந்த நோட்.ஜேஎஸ் 22.5இல் எஸ்கியூலைட் மாட்யூல் உள்ளேயே சேர்ந்தது. தொடக்கத்தில் தனி ஆப்ஷன் கொடுத்தால்தான் இயங்கும். 2025 ஜனவரியில் வந்த 22.13இலிருந்து, சோதனை நிலை முத்திரை இருந்தாலும், அந்த ஆப்ஷன் தேவைப்படவில்லை. அடுத்த மாதமே, இன்னொரு மாற்றான டெனோவும் அதே மாட்யூலை ஏற்றுக்கொண்டது. என்பிஎம்மிலிருந்து எதையும் இறக்காமல் ஒரு டேட்டாபேஸைத் திறக்க முடிவது, பைத்தானையும் விஷுவல் சி++ஐயும் தேடி அலைந்த தலைமுறைக்குப் பெரிய விடுதலை.

இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. நோட்.ஜேஎஸ்ஸின் அடிப்படைப் பாடமே, டிஸ்குக்காகக் காத்து நிற்காதே, கால்பேக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார் என்பதுதான். நெடிபியில் பில்லைச் சேமிக்கவே ஒரு கால்பேக், அதற்குள் கையிருப்பைக் குறைக்க இன்னொன்று, அதற்குள் ரசீது அச்சிட மூன்றாவது என்று நிரல் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். 2017இல் அசிங்க்–அவெய்ட் வந்து இந்தச் சரிவை நிமிர்த்தியது. பெட்டர்-எஸ்கியூலைட்3 என்ற லைப்ரரியோ பாடத்தையே கேள்வி கேட்டது. பக்கத்து ஃபைலிலிருந்து, இண்டெக்ஸ் போட்ட ஒரு பதிவை எடுக்க மைக்ரோசெகண்டு கணக்கில்தான் நேரமாகிறது, அதற்கு எதற்குக் கால்பேக்? நேராகக் கேள், நேராகப் பதிலை வாங்கு. நோட்.ஜேஎஸ்ஸில் சேர்ந்த மாட்யூலும் இதே வழியில்தான் போகிறது. பில், கையிருப்பு, ரசீது மூன்றும் மேலிருந்து கீழே மூன்று வரியாக நிற்கின்றன. அவற்றை ஒரே டிரான்சாக்ஷனுக்குள் அடைத்துவிட்டால், பாதி பில் என்ற ஒன்றே கிடையாது. ஆண்டு முழுவதற்கும் அறிக்கை எடுப்பதுபோன்ற நீண்ட வேலையாக இருந்தால், அதை வொர்க்கர் திரெட்டுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அது முடியும்வரை மற்ற எல்லோரும் காத்திருக்க நேரும்.

ஜேசனையும் இழக்கவில்லை. 2022இலிருந்து எஸ்கியூலைட்டில் ஜேசன் செயல்பாடுகள் இயல்பாகவே சேர்ந்து வருகின்றன. அன்று ஜேசன் ஃபைல்தான் டேட்டாபேஸ். இன்று டேட்டாபேஸின் ஒரு கட்டத்துக்குள் ஜேசனை வைத்து, அதன் உள்ளே இருப்பதையும் தேடலாம்.

தமிழில் பெயர்கள் இருந்தால்

நம் ஆட்களுக்கு இங்கே தனியாக ஒரு வேலை இருக்கிறது. அன்றும் இருந்தது, இன்றும் தீரவில்லை. மதிவாணன், மயிலன், மலர்விழி, மனோகரன் என்று நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தால், அகராதி முறைப்படி இதுதான் வரிசை, ஏனென்றால் னகரம் மெய்யெழுத்துகளில் கடைசி. யூனிகோடிலோ நகரத்துக்கு அடுத்தே னகரத்தை வைத்திருக்கிறார்கள். எஸ்கியூலைட்டிடம் வரிசைப்படுத்தச் சொன்னால், பைட் மதிப்பைப் பார்த்து மனோகரனை மயிலனுக்கு முன்னால் கொண்டுவந்துவிடும். நெடிபியில் எழுத்துகளை ஒப்பிடும் முறையை நாமே கொடுப்பதற்கு ஓர் அமைப்பு இருந்தது. இன்று பட்டியலை எடுத்து வந்து, ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் கொலேட்டரிடம் தமிழ் என்று சொல்லி வரிசைப்படுத்துவதே நேர்வழி. சில ஆயிரம் பெயர்களுக்கு அது ஒரு சுமையே அல்ல.

தேடலிலும் ஒரு சிக்கல். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறுவேறு. ஒரு கீபோர்டில் அடித்த கொடுமுடியை இன்னொரு கீபோர்டில் தேடினால் கிடைக்காமல் போகலாம். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் நார்மலைஸ் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

டிஸ்க் எங்கே இருக்கிறது?

அன்று புரோகிராம் ஓடிய கணினிக்கு ஒரு டிஸ்க் இருந்தது, ஃபைல் அங்கேயே இருந்தது. இன்று அதே நிரலைக் கன்டெய்னரில் போட்டு மேகத்துக்கு அனுப்புகிறோம். பல இடங்களில் அந்த டிஸ்க் நிலையில்லாதது. ஹெரோகு மேகச் சேவையில் டைனோ என்ற கன்டெய்னர் நாளுக்கு ஒருமுறையாவது புதிதாகத் தொடங்கும், அதில் எழுதிய ஃபைல்கள் அதோடு போய்விடும். சர்வர்லெஸ் ஃபங்ஷன்களிலும் எழுதியது நிற்கும் என்று நம்ப முடியாது. டாக்கரில் வால்யூம் இணைக்காவிட்டால் அடுத்த முறை கன்டெய்னரை உருவாக்கும்போது தரவு வெறுமையாக இருக்கும். கரண்ட் போவதற்குப் பயந்த காலம் போய், டிப்ளாய் செய்வதற்குப் பயப்பட வேண்டிய காலம் வந்திருக்கிறது. ஃபைல் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்கும் முன், நிலையான டிஸ்க் உண்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

காப்பு நகல் எடுப்பதிலும் பழைய பழக்கம் இன்று உதவாது. ஜேசன் ஃபைலை பென்டிரைவில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. வால் முறையில் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் ஃபைலை மட்டும் அப்படி இழுத்தால், பக்கத்து வால் ஃபைலில் நிற்கும் கடைசி சில பில்கள் நகலில் வராமல் போகலாம். வேக்கம் இன்டு என்ற கட்டளை 2019 முதல் இருக்கிறது. அது ஓட்டத்தை நிறுத்தாமலே முழுமையான, சுத்தமான நகலைத் தரும். இரவு ஒருமுறை அதை ஓடவிட்டு, நகலை வேறிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

எதை எதற்கு வைத்துக்கொள்வது

நெடிபியின் மூலத் திட்டம் பராமரிப்பின்றி நின்றுவிட்டது. சீல்டு நிறுவனத்தின் கிளைப் பதிப்பு அதன் வேலையைத் தொடர்கிறது. லோடிபி இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கருவியின் செட்டிங்ஸ், சிறு சாட்பாட்டின் நினைவுக் குறிப்புகள், மாணவர் எழுதும் முதல் புரோகிராம் ஆகியவற்றுக்கு அதையே சொல்வேன். எழுதியது கண்ணுக்குத் தெரிவதைப்போல வேறெதுவும் கற்றுக்கொடுப்பதில்லை. பணமோ கையிருப்போ மதிப்பெண்ணோ சம்பந்தப்பட்டால், எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் எஸ்கியூலைட்தான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் எஸ்கியூலைட்டுக்கு மாறியதில் கடைக்காரர் இழந்த ஒன்றை நாம் திருப்பித் தர வேண்டும். அன்று புரோகிராம் கெட்டுப்போனாலும், எழுதித் தந்தவர் ஊரைவிட்டுப் போனாலும், நோட்பேடில் திறந்தால் வாடிக்கையாளர் பெயரும் பாக்கித் தொகையும் தெரிந்தன. எஸ்கியூலைட் ஃபைலை அப்படித் திறந்தால் அங்கங்கே சில சொற்களும் மற்றதெல்லாம் குப்பையுமாகத்தான் தெரியும். அதை வாசிக்க நல்ல இலவசக் கருவிகள் இருக்கின்றன, கடைக்காரருக்கு அவை தெரியாது. ஆகவே முகப்புத் திரையிலேயே ஒரு எக்ஸ்போர்ட் பட்டன் வையுங்கள். அழுத்தினால் எல்லாப் பதிவுகளும் எக்செலில் திறக்கும் வடிவில் வர வேண்டும், தமிழ் எழுத்துகள் சிதையாமல் வர வேண்டும். கடைக்காரரை உட்காரவைத்து, அவர் கையாலேயே ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே புரோகிராமை ஒப்படையுங்கள்.